பூஜைக்கு அணைத்த கம்ப்யூட்டர்

பழைய கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினால் முதலில் வருவது வாடைதான். இடத்துக்கு இடம் அது மாறும். நாகப்பட்டினத்தில் ஐஸ் தொழிற்சாலைப் பெட்டியைத் திறந்தால் மீன் கழுவிய தண்ணீர் நாறும். லாரி எடைமேடையில் பீடியும் வெற்றிலை எச்சிலும். அரிசி ஆலையில் தவிடு. தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. மழைக்காற்று பட்டால் பிசுக்காகப் போர்டில் ஒட்டிக்கொண்டு சிக்கு வாடை அடிக்கும். அந்தப் பிசுக்கில் கரப்பான் முட்டையிடும். வீட்டுக்கு வந்து எத்தனை சோப்புப் போட்டாலும், சோற்றைப் பிசையும்போது அந்த வாடை விரலில் இருக்கும்.

என்ன தொழில் என்று யாராவது கேட்டால் 'கம்ப்யூட்டர் சர்வீஸ்' என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். ஏசி அறை, கண்ணாடிக் கதவு என்று அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நான் போகும் இடங்களில் மின்விசிறியே கிடையாது. இருந்தாலும் அது முதலாளி நாற்காலியைப் பார்த்துத்தான் சுற்றும்.

என் வேலை, எப்போதோ ஓய்வு பெற்றிருக்க வேண்டிய கம்ப்யூட்டர்களை ஓடவைப்பது. பெரிய இயந்திரம் வாங்கும்போது அதை இயக்குவதற்கென்று ஒரு கம்ப்யூட்டரையும் சேர்த்தே கொடுப்பார்கள். இயந்திரம் இரும்பு, கிடந்து உழைக்கும். கம்ப்யூட்டர் அப்படியில்லை. அதற்குள் இருக்கும் அட்டை புதுப் பெட்டியில் பொருந்தாது. புரோகிராம் எழுதியவர்கள் கடையை மூடிவிட்டுப் போயிருப்பார்கள். எல்லாவற்றையும் மாற்ற என்ன ஆகும் என்று சொன்னால் முதலாளிகள் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "ஓடுற வரைக்கும் ஓடட்டும் தம்பி." இந்தத் தொழிலில் நான் வெறுக்கும் வாக்கியம் அது. ஓடாமல் போகிற அன்று யார் தலையில் விடியும் என்று அவர்கள் யோசிப்பதே இல்லை, ஏனென்றால் அவர்கள் தலையில் விடியாது.

மன்னார்குடிப் பக்கம் ஒரு நெல் உலர்த்தும் ஆலை உண்டு. தஞ்சாவூரிலிருந்து பைக்கில் போவேன். டிரையர் என்பது இரண்டு மாடி உயரத்துக்குத் தகரக் கோபுரம். மேலிருந்து நெல் இறங்கும், கீழே உமி அடுப்பிலிருந்து சூடான காற்று ஏறும், இறங்கிய நெல்லை அள்ளி மறுபடி மேலே கொட்டும். எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம், எப்போது நிறுத்துவது எல்லாவற்றையும் பார்ப்பது பக்கத்தில் இரும்புப் பீரோவுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர். அது சொல்லாமல் அடுப்பும் எரியாது, காற்றும் வராது. கையால் ஓட்டுவதற்கென்று முன்பு ஒரு சுவிட்சுப் பலகை இருந்தது. சும்மா கிடக்கிறதே என்று முதலாளி அதைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்.

குறுவை அறுப்பும் மழையும் ஒன்றாக வரும் ஊர் இது. அறுவடை இயந்திரம் ஈரத்தோடு அறுத்துக் கொட்டிவிட்டுப் போய்விடும். கொள்முதல் நிலையத்தில் ஈரம் பார்த்துத் திருப்பி அனுப்புவார்கள். ரோட்டில் பாதியை அடைத்து நெல்லைப் பரப்பி, வானம் கறுத்தால் தார்ப்பாய் போட்டு மூடி, வெளுத்தால் திறந்து, இப்படியே ஜனங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். மூடி வைத்த நெல் இரண்டு மழைக்குள் முளைவிடும். அதனால்தான் அந்த டிரையர் வாசலில் டிராக்டர்கள் வரிசையில் நிற்கும். முதலாளி வைத்ததுதான் சட்டம்.

அந்தக் கம்ப்யூட்டரின் வியாதி அதன் ஹார்ட் டிஸ்க். சுற்றிக்கொண்டே இருந்தால் ஓடும். நிறுத்தி ஆறவிட்டால் உள்ளே ஒட்டிக்கொள்ளும், மறுபடி சுற்றாது. அறுந்துபோன செருப்பை ஊக்கு குத்திப் பிடித்து வைத்திருப்பது போலத்தான் அது ஓடிக்கொண்டிருந்தது. அதில் உள்ளதை நகல் எடுத்து வேறொன்றில் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ஒரு நாள் நிறுத்திக் கொடுங்கள் என்று வருடக்கணக்காகக் கேட்டேன். குறுவை முடிந்தால் சம்பா, சம்பா முடிந்தால் உளுந்து, கோடையில் வெளியூர் மக்காச்சோளம். ஒரு நாளும் ஒழியாது.

ஒரே ஒரு நாள் ஒழியும். ஆயுத பூஜை.

"அண்ணே, வருஷத்துல அன்னிக்கு ஒரு நாள்தான் நிக்குது. அன்னிக்கு வந்து வேலைய முடிச்சுடுறேன்" என்றேன் ஒரு தடவை.

"அன்னிக்கு எந்த ஆயுதத்துலயும் கை வைக்கக் கூடாது தம்பி. உங்க ஸ்குரூ டிரைவருக்கும் அன்னிக்கு லீவுதான்" என்றார். பக்கத்திலிருந்த எடை போடுபவர் சிரித்தார். முதலாளி எதைச் சொன்னாலும் சிரிப்பதற்கென்றே அவர் அங்கே இருந்தார்.

"அப்படீன்னா கம்ப்யூட்டர மட்டும் அணைக்காம விடுங்க. பொட்டு வைங்க, மாலை போடுங்க, அது பாட்டுக்கு ஓடட்டும்."

"எல்லாத்துக்கும் ஓய்வு குடுத்துட்டு அதுக்கு மட்டும் வேலை குடுத்தா பாவம் இல்லையா?"

கம்ப்யூட்டருக்கு இரங்கிய அந்த மனுஷர், மூட்டை தூக்குபவர்களுக்கு ஒரு கழிப்பறை கட்டித் தரவில்லை. அவர்கள் வாய்க்கால் மேட்டுக்குத்தான் போய்வந்தார்கள். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். வாடிக்கையாளரிடம் தலையாட்டுவதும் என் தொழிலில் சேர்த்திதான்.

ஆக, ஒவ்வொரு வருடமும் ஆயுத பூஜைக்கு அணைப்பார்கள். விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்துச் சுவிட்சைப் போடுவார்கள். அது ஓடாது. எனக்குப் போன் வரும்; எழுப்பிக் கொடுத்ததும், வரிசையில் நிற்கும் டிராக்டர்களைக் காட்டி நகல் எடுக்க விடமாட்டார். என் வீட்டில் அந்தப் பண்டிகைக்குப் பெயரே 'டிரையர் பண்டிகை'.

நான் சொல்ல வந்த வருடமும் அப்படித்தான் போன் வந்தது. ஆனால் முதலாளி குரல் வேறு மாதிரி இருந்தது. "தம்பி, இந்த வருஷம் பட்டுனு வெடிச்சுது. பொகை வந்துச்சு. உடனே வாங்க."

மழையில் நனைந்துகொண்டே போனேன். வெண்ணாற்றுப் பாலம் தாண்டியதிலிருந்து ரோடு முழுக்க நெல், தார்ப்பாய், நாயின் காலடி. ஆலைக் கேட்டுக்கு வெளியே ஓர் அம்மா உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே போக வேண்டியதுதானே, ஏன் நனைகிறார் என்று தோன்றியது. வண்டியை நிறுத்துவதற்குள் கிட்டே வந்துவிட்டார்.

"கம்ப்யூட்டர் பாக்குறவங்களா சார்? உள்ள இருக்குறது என் நெல்லு சார்."

"எப்ப கொட்டுனீங்கக்கா?"

"பூசைக்கு மொத நாளு. ராவுக்குள்ள காஞ்சிடும்னாங்க. பாதியில பூசைக்குன்னு நிறுத்திட்டாங்க. இன்னிக்குக் காலையில முடிச்சுத் தர்றேன்னாங்க. பாதிச் சூட்டுலயே கெடக்கு சார். அவிஞ்சு போயிடுமா?"

போய்விடும். சூடேறிய ஈர நெல் மூடிய கோபுரத்தில் கிடந்தால் மஞ்சளாகும், புளிச்ச வாடை வரும், முளை கட்டும். கீழே திறந்து கொட்டலாமென்றால் மழையில் எங்கே பரப்புவது? நேற்று முழுக்கக் கிடந்தாகிவிட்டது. இன்று சாயங்காலத்துக்குள் ஓடவில்லை என்றால் மாட்டுக்குத்தான் போட வேண்டும். "பாக்குறேன்க்கா" என்று மட்டும் சொன்னேன்.

அவரைப் பற்றி ஒரு லோடுமேன்தான் பிறகு சொன்னார். அவர் மாமியார் காலம் வரைக்கும் அந்த வயலில் கூலிக்கு நடவு நட்ட குடும்பம். அதே வயலை இப்போது குத்தகைக்கு எடுத்திருந்தார். கணவர் முந்தின சம்பா அறுப்பின்போது இறந்துவிட்டார். அவர் தனியாகப் போட்ட முதல் வெள்ளாமை இது. மொத்தமும் அந்தக் கோபுரத்துக்குள் கிடந்தது.

உள்ளே முதலாளி வெள்ளை வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக உட்கார்ந்திருந்தார். தரையில் உடைத்த பூசணிக்காயும் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழமும் மிதிபட்டுக் கிடந்தன. கம்ப்யூட்டரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வராத குறை. காற்றுப் போவதற்காக வைத்த ஓட்டைகள் அத்தனையிலும் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். சந்தனம் காய்ந்து சிமென்ட் பூச்சாகியிருந்தது. ஈரத் துணியால் வேறு துடைத்திருக்கிறார்கள். தலைமேல் வாழை இலை, அதில் பொரி, பொட்டுக்கடலை, வெல்லம். பாதிப் பொரி இடுக்கு வழியாக உள்ளே கொட்டியிருந்தது.

"எப்படிண்ணே ஆச்சு?" என்று கேட்டேன்.

"எல்லாம் முறையாத்தான் பண்ணேன். கற்பூரம் காட்டிட்டு சுவிட்சப் போட்டுட்டு நிமிர்றேன், எதிர்ல வாசல்ல இது வந்து நிக்குது." அவர் கை கேட்டுப் பக்கம் காட்டியது. "நல்ல நாளும் அதுவுமா. புருஷன் போயி வருஷம் திரும்பல. பட்டுனு வெடிச்சுது. வெளியில போய் நில்லுன்னு அனுப்பிட்டேன்."

இது. ஓர் ஆளை 'இது' என்று வாய் கூசாமல் சொன்னார். தன் நெல்லை எடுத்துப் போக வந்தவர் அவர், இவர் வரச் சொன்ன நாளில் வந்தவர். எடை போடுபவர் "ஆமாங்க" என்றார்.

நான் குனிந்து ஸ்குரூவைக் கழற்றினேன். பேசினால் சண்டை, சண்டை போட்டால் அந்த நெல் அழுகும்.

மூடியைத் தூக்கியதும் ரோமம் கருகிய வாடை முகத்தில் அறைந்தது. மின்சாரம் தரும் பெட்டிக்குள் ஓர் எலி. பெருச்சாளி அளவு இல்லை, ஆனால் நன்றாகத் தின்று கொழுத்தது. பாதி வெந்து, வாயைப் பிளந்து, பல்லெல்லாம் தெரியக் கம்பிகளின் மேல் கவிழ்ந்து கிடந்தது. வாயோரத்தில் பொரி. பின்பக்க ஓட்டையை அடைக்க வேண்டிய தகடு எந்தக் காலத்திலோ காணாமல் போயிருந்தது, அந்த வழியாக வந்திருக்கிறது. கம்ப்யூட்டர் ஓடும்போது விசிறிச் சத்தத்துக்கு உள்ளே வராது. அணைத்ததும் அமைதியாக, இளஞ்சூடாக, தலைமேல் விருந்தோடு ஒரு வீடு கிடைத்திருக்கிறது. மூலையில் பழைய மாலை நாரையும் தவிட்டையும் வைத்துக் கூடு. கூட்டுக்குள் கண் திறக்காத குஞ்சுகள், ரோஜா நிறத்தில், நெளிந்துகொண்டிருந்தன. அதற்கடியில் போர்டு முழுக்க மூத்திரம் ஈரமாகப் பிசுபிசுத்தது.

லோடுமேன் ஒருவர் முறத்தோடு வந்தார். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். பெரிய எலியின் தோல் கம்பியில் ஒட்டிக்கொண்டு, இழுத்தால் கிழிந்து வந்தது. இத்தனை வருடத்தில் இதெல்லாம் பழகிவிட்டது. மூச்சை வாயால் விட்டுக்கொண்டால் போதும்.

முறத்தை முதலாளி பக்கம் திருப்பச் சொன்னேன். "இதான்ணே வெடிச்சுது. நீங்க வெச்ச பொரிக்கு வந்தது. நீங்க அணைச்சதால உள்ள வந்தது. சுவிட்சப் போட்டதும் கரண்ட் பட்டுச் செத்துடுச்சு. வாசல்ல யாரு நின்னாங்கங்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

அவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு முறத்தை எட்டிப் பார்த்தார். நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

"எலி வருஷா வருஷம்தான் இருக்கு தம்பி. இந்த வருஷம் மட்டும் ஏன் செத்துச்சு?" என்றார்.

எடை போடுபவர் "அதானே" என்றார். முதலாளி படித்தவர். பையன் வெளிநாட்டில் இருக்கிறான். உலகத்தில் எந்த ஓட்டையை அடைத்தாலும் இவர்கள் இன்னொரு ஓட்டை வழியாக வந்துவிடுவார்கள்.

என் பையில் எப்போதும் பழைய உதிரிப் பாகங்கள் இருக்கும்; காயலான் கடைகளில் பொறுக்கியவை. மின்பெட்டியை மாற்றினேன். போர்டை ஸ்பிரிட் வைத்துத் தேய்த்தேன். எலி மூத்திரமும் ஸ்பிரிட்டும் சந்தனமும் கலந்து வந்த வாடையை என்னால் எழுத முடியாது. சந்தனத்தைக் குச்சியால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி எடுத்தேன். "குங்குமம் படாம எடுங்க தம்பி" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

சுவிட்சைப் போட்டேன். விசிறி சுற்றியது, டிஸ்க் சுற்றவில்லை. ஒட்டிக்கொண்டுவிட்டது.

அதற்கு ஒரு வழி உண்டு. டிஸ்க்கைக் கழற்றி உள்ளங்கையில் படுக்கப் போட்டு, மின்சாரம் பாயும் அதே நொடியில் மணிக்கட்டை வெடுக்கென்று திருப்ப வேண்டும். மெதுவாகத் திருப்பினால் விடாது, பலமாகத் திருப்பினால் உள்ளே கீறி எல்லாமே போய்விடும். முந்தின வருடங்களில் முதல் தடவையிலேயே விட்டுக்கொடுத்தது. அன்று விடவில்லை. மறுபடியும் திருப்பினேன். கேட்டுப் பக்கம் பார்க்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். வேர்த்துக் கொட்டியது. அடுத்த தடவையில் உள்ளே ஒரு முனகல், பிறகு சீரான சுழற்சி. திரையில் எழுத்துகள் வந்தன. அணைத்தாலும் அமைப்பை நினைவில் வைத்திருக்கும் அதன் சின்ன பேட்டரி செத்து வெகுகாலம் ஆகிறது, அதனால் டிஸ்க்கின் அளவு எண்களையெல்லாம் நான்தான் மனப்பாடமாகத் தட்ட வேண்டும். தட்டினேன். அடுப்பு பற்றியது, பெரிய விசிறி கிளம்பியது, கோபுரம் அதிர்ந்து நெல் இறங்க ஆரம்பித்தது. மேலிருந்து லேசாகப் புளித்த வாடை வந்தது. முழுக்கக் கெட்டுவிடவில்லை. இன்னும் ஒரு பொழுது போயிருந்தால் போயிருக்கும்.

நிமிர்ந்தேன். முதலாளி கைகூப்பிக்கொண்டு நின்றிருந்தார், கம்ப்யூட்டரைப் பார்த்து.

"பாத்தீங்களா தம்பி?" என்றார் நிறைவாக. "அவள வெளியில அனுப்பினோம், ஓடிடுச்சு."

இடுக்கி என் கையிலேயே இருந்தது. எலித்தோல் அதில் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. எனக்கு அந்த மனிதரைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. வேறு சொல் இல்லை. மூத்திரத்தைத் தேய்த்தது நான், டிஸ்க்கை எழுப்பியது நான். என் வேலை மொத்தத்தையும் எடுத்து அந்த அம்மாவுக்கு எதிரான சாட்சியாக்கிவிட்டார்.

மழையில் கேட்டுக்கு ஓடினேன். அவர் அதே இடத்தில் நின்றிருந்தார்.

"ஓடுதுக்கா" என்றேன். "எலி செத்து வெடிச்சுது, அவ்வளவுதான். உள்ள வாங்க. நான் அணைக்கிறேன், நீங்க உங்க கையால சுவிட்சப் போடுங்க. அவரு கண்ணால பாக்கட்டும்."

சாக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கு அந்தப் பேச்சுல எல்லாம் நம்பிக்கை கெடையாது சார். அவரு சொன்னா சொல்லிட்டுப் போறாரு" என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அணைச்சா திரும்ப ஓடிடுமா? உறுதியா சொல்வீங்களா?"

அந்த டிஸ்க்கை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இந்த ஜில்லாவில் யாரும் இல்லை. அன்று அது எழுந்த விதத்தைப் பார்த்தால், அடுத்த தடவை எழுந்திருக்கும் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

"என் நெல்லு உள்ள இருக்கு சார். அது ஓடட்டும். நான் இங்கயே நிக்கிறேன்" என்றார்.

நான் உள்ளே போய் டிரையர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இடையில் முதலாளி புதிதாகச் சந்தனம் குழைத்து எடுத்து வந்தார். ஓட்டைகளில் வைக்கக் கூடாது என்று கத்தினேன். பீரோக் கதவில் வைத்துவிட்டு, நான் இன்று சரியில்லை என்று எடை போடுபவரிடம் சொன்னார். சாயங்காலம் நெல் இறங்கியது. லோடுமேன்கள் மூட்டைகளைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் டிராக்டரில் ஏற்றினார்கள். நானும் பையை எடுத்துக்கொண்டு கூடவே போனேன். அந்த அம்மா ஒரு மூட்டை வாயைப் பிரித்து, சில மணிகளை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தார். சத்தம் எனக்கும் கேட்டது.

முதலாளி குடையோடு கேட்டு வரைக்கும் வந்து, "அடுத்த வருஷம் நாலு நாள் முன்னாடியே கொட்டிட்டுப் போயிடு. நாளும் கெழமையுமா வந்து நிக்காத" என்றார்.

"சரிங்க" என்றார் அந்த அம்மா.

பிறகு என் பக்கம் திரும்பி, உள்ளங்கையை நீட்டினார். அதில் கடிக்காத நெல் கொஞ்சம் இருந்தது. "நல்லா காஞ்சிருக்கு சார். ஒங்களாலதான். நல்லா இருக்கணும்."

எலியைத் தோலோடு பிய்த்து எடுத்தபோது வராத குமட்டல் எனக்கு அப்போதுதான் வந்தது. வாய்க்கால் ஓரமாக வண்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். பின்னால், அவரை வெளியே அனுப்பியதற்குச் சாட்சியாக, டிரையர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.